வெக்கைக் கட்டத்தில் களையெடுத்தேன்

கல்பாக்கத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு புல்வெளி இருந்தது. அதைச் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். சில கட்டங்களில் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், சிலவற்றைத் தொடவே கூடாது. சிலவற்றைச் சுற்றி பிளாஸ்டிக் தடுப்பு. உள்ளே வெயில் தேங்கிக் கொதிக்கும். பூமி சூடானால் எந்தச் செடி பிழைக்கும், எது காணாமல் போகும் என்று மேடம் ஒருவர் ஐந்து வருடமாக மாதம் தவறாமல் வந்து எண்ணிக்கொண்டிருந்தார். வெட்டுகிற வேலை என் சித்திக்கு. "புல்லுக்கு ஜொரம் வர வெச்சிப் பாக்குறாங்கடி" என்பாள்.

முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் நானும் கூடப் போனேன். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுப் பெண்கள் ஊரார் வயலில் களையெடுத்தே பெயர் வாங்கியவர்கள். எனக்கும் அதே கை. சித்தி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டத்துக்குள் நுழைந்தேன். அருகம்புல்லை மட்டும் விட்டுவிட்டு அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, நெருஞ்சி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குவித்தேன். பாராட்டுவாள் என்று பெருமையாகக் காத்திருந்தேன்.

வந்தவள் குடத்தைக் கீழே வைத்தாள். முகம் செத்துவிட்டது.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற? நாளைக்கு மேடம் வந்து இதத்தாண்டி எண்ணுவாங்க. இந்த வேலயும் போச்சுன்னா மறுபடி முட்டி வலியோட சேத்துலதான் எறங்கணும்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இருவரும் உட்கார்ந்து பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டோம். எங்களுக்குத் தெரிந்தது நாற்று நடவுதான். அப்படியே வரிசையாக நட்டு, குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேடம் அந்தக் கட்டத்துக்குள் மண்டியிட்டார். செடிகள் வாடித் தொங்கினாலும் வரிசை பிசகாமல் நின்றன. சித்தி அரிவாளைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் ஒரு செடியை லேசாக இழுத்தார்; கையோடு வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தார்; அதுவும் வந்தது. பிறகு நோட்டில் அந்தக் கட்டத்துக்கான ஐந்து வருடப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு அடித்தார்.

"இந்தக் கட்டம் இனிமே வேணாம்மா" என்றார் சித்தியிடம். "மத்தத எப்பவும் போல வெட்டுங்க."

வேலை தப்பியது. எனக்கு அது போதும். துள்ளிக் குதிக்காததுதான் பாக்கி.

தடுப்பைத் தாண்டி வெளியே வந்தபோது மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. உள்ளே அவ்வளவு வெக்கை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.