சோஹாரில் ஒரு இரண்டாம் டிவிஷன்

அரபு நாட்டுக்கு, சோஹார் துறைமுக வேலைக்குப் போன புதிதில் என் ரூமில் தமிழ் பேச ஆளில்லை. மற்றவர்கள் எல்லாரும் பீகார்க்காரர்கள். டியூட்டி நாட்கள் எப்படியோ ஓடிவிடும், வெள்ளிக்கிழமைதான் நகராது. கேம்ப்புக்குப் பின்னால் கம்பெனி டீம்கள் கால்பந்து ஆடும். ஊரில் பள்ளி டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "ஆள் ஃபுல், பாய்" என்றார்கள். ஓரமாக நின்று பார்ப்பேன்.

இன்னொருவரும் அங்கே தனியாக நிற்பார். எங்கள் சைட்டில் வெல்டிங்கைச் சோதிக்கும் உக்ரைன்காரர். ஒருநாள், "நீ ஆடுவதில்லையா?" என்றார், எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில்.

"டீம் மாஃபி" என்றேன். இல்லை என்பதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் அரபிச் சொல் அது.

சிரித்தார். அவர்கள் நாடு சோவியத்திலிருந்து பிரிந்தபோது கால்பந்துப் போட்டிகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்ததாம். பெரிய நகரத்து டீம்கள் மேல் டிவிஷனுக்குப் போயின. கீழே நிரப்பத் தொழிற்சாலை டீம்களைக்கூடச் சேர்த்தார்கள். அப்படித்தான் அவருடைய சின்ன ஊரும் கடைசி டிவிஷனுக்குள் வந்தது. பஸ்ஸுக்கு டீசல் கிடைக்காமல் லாரியில் போய் ஆடியிருக்கிறார்கள்.

"ஜெயிச்சீங்களா, சார்?"

"பெரும்பாலும் தோல்விதான். ஆனால் ஊரே வந்து பார்க்கும்." பிறகு மைதானத்தைக் காட்டி, "இவர்கள் எடுக்காத ஆட்களை வைத்து நீயும் ஒன்று தொடங்கு" என்றார்.

கூச்சத்தை விட்டு மெஸ்ஸில் கேட்டேன். நேபாளிகள் ஒரு டீம், டிரைவர்கள் ஒரு டீம், எங்கள் பீகார் ரூமோடு நான். இரண்டாம் டிவிஷன் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். உக்ரைன்காரர்தான் ரெஃப்ரி. முதல் ஆட்டத்தில் கோல்களாக வாங்கினேன். ஆனாலும் அன்று நான் குளித்துவிட்டு வரும்வரை ரூமில் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

குளிர்காலம் முழுக்க ஆடினோம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. ஃபோர்மேனிடம் கேட்டேன்.

"அவரா? கான்ட்ராக்ட் கலாஸ், முடிஞ்சுபோச்சு. நேத்தே ஃப்ளைட் ஏத்தி விட்டாங்க."

அவருடைய கேபினுக்குப் போனேன். வேறொருவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றைய ஆட்டத்தில் ஒரு கோலுக்காகச் சண்டை வந்தது. தீர்த்து வைக்க யாருமில்லை, பாதியில் கலைந்தோம். கோடைக்குள் நேபாளிகளை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். டிரைவர்கள் லீவில் போனார்கள்.

அவர் தன் ஊர்ப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தார். என் நாக்கில் அது நிற்கவேயில்லை.