செங்கொடியின் அடையாறு விலாசம்

செங்கொடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா சின்னப்பையன். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், சங்கத்து ஆள். புதிதாக வந்த சூப்பர்வைசர் தன்னை 'சார்' என்று கூப்பிடச் சொன்னதற்காகத் தூக்கிய மூட்டையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "அவனுக்குக் கூலி குட்க்கறவன்தான் எனக்கும் குட்க்கறான். இதுல இன்னா சாரு, மோரு?" என்று அவர் கேட்டது வடசென்னையில் அவர்கள் இருந்த தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பு முழுக்கத் தெரியும்.

அவருடைய மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் முழுக்க வேலை தேடி அலைந்தாள். புரோகிராம் எழுதுகிற வேலையெல்லாம் ஊரின் தெற்குக் கோடியில் இருந்தது. பாரிஸ் கார்னர் போய் பஸ் மாற வேண்டும். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பஸ் நகராது. இஸ்திரி போட்ட சுடிதார் பாரிஸ் தாண்டுவதற்குள் கசங்கிவிடும். கம்பெனிகள் வைத்த தேர்வுகளை அவள் நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் "எங்கிருந்து வர்றீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவருடைய முகம் மாறுவதுபோல அவளுக்குத் தோன்றும். உண்மையிலேயே மாறியதா, அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. வேலை மட்டும் வரவில்லை.

கூடப் படித்த அறிவு என்கிற பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"தண்டையார்பேட்டைன்னு போட்டுகினு போனீன்னா, உன் பயோடேட்டா மேல டீ கிளாஸ்தான் வெப்பாங்க. அட்ரஸை மாத்து. நான் இப்போ பெசன்ட் நகர்காரன், தெரியுமா? தும்முறதுகூட இங்கிலீஷ்லதான்."

ஹவுசிங் போர்டின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த தங்கபுஷ்பம் அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய தம்பி டென்னிஸுக்கு அடையாறில் கடையும் வீடும் இருந்தன. "எந்தம்பி வீட்டு அட்ரஸப் போட்டுக்கோ புள்ள. நான் அவன்ட்ட சொல்லுதேன்" என்று அக்கா உடனே சம்மதித்தார். போன் எண்ணும் அவருடைய கடையுடையதுதான். அந்த பிளாக்கில் யாருக்கு போன் வந்தாலும் அங்கேதான் வரும். பயோடேட்டாவில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போடுவார்கள், பக்கத்தில் இருப்பவருடைய போன் என்று அர்த்தம். செங்கொடி விலாசத்தை மாற்றினாள். 'பி.பி.'யையும் எடுத்துவிட்டாள். எண்ணை அப்படியே விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற ஒரு சின்ன கம்பெனி அடையாறிலேயே இருந்தது. அங்கே அவள் எழுதிக் காட்டிய புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியது. மேனேஜர் சண்முகவேல் அதை இரண்டாவது தடவையும் ஓடவிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவள் நினைத்தாள். அப்போது அவர் பயோடேட்டாவைக் கையில் எடுத்தார். சென்னையில் போன் எண்ணின் தொடக்கமே ஏரியாவைச் சொல்லிவிடும்.

"வீடு இங்க அடையார்னு போட்டிருக்கீங்க. நம்பர் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மாதிரி இருக்கே?"

யோசிக்க நேரமில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டு போன் ரிப்பேர் சார். அது எங்க வீட்ல வேலை செய்யறவர் இருக்கிற இடம். அவர்கிட்ட சொன்னா எனக்குச் சொல்லிடுவார்."

"அவர் பேர் என்ன?"

எத்தனையோ பெயர்கள் உலகத்தில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"சின்னப்பையன்."

சண்முகவேல் அதைக் குறித்துக்கொண்டார். செங்கொடி வெளியே வந்து பஸ் ஏறினாள். அவள் முகத்தைக் கண்டு வீட்டில் அம்மா பச்சையம்மா, "இன்னாடி, இதுவும் ஊத்திக்கிச்சா?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அப்பா அன்று அவளைக் கேள்வி கேட்கவேயில்லை. மீன் குழம்பில் இருந்த பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்த்துவிட்டு வந்தவளைத் தங்கபுஷ்பம் அக்கா கடைவாசலில் மறித்தார். எப்போதும் சிரிக்கிற முகம், அன்று சிரிக்கவில்லை.

"ஒனக்கு வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம வரச் சொல்லுதாவ."

"நிஜமாவா அக்கா? யார்கிட்ட சொன்னாங்க?"

"சின்னப்பையன் இருக்காரான்னு கேட்டாவ. ஆள விட்டுக் கூட்டியாந்தேன். ஸ்பீக்கர் போன்ல்லா, எனக்கும் கேட்டுச்சு. 'செங்கொடி மேடம் வீட்ல வேலை செய்யறது நீங்கதானா'ன்னு அந்தாளு கேக்காரு. ஒங்கப்பா என்னயப் பாத்தாரு. நான் குனிஞ்சிக்கிட்டேன். பெறவு சொல்லுதாரு, 'ஆமாங்க சார், நான்தாங்க. சின்னம்மா வெளிய போயிருக்காங்க. வந்ததும் சொல்லிடறேங்க சார்'னு." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பேச்சுக்குப் பேச்சு சாரு போட்டாரு, புள்ள."

செங்கொடி மாடிப்படியில் கால் வைத்துவிட்டு நின்றாள். மேலே போகவும் முடியவில்லை, தெருவுக்குத் திரும்பவும் முடியவில்லை. கடைசியில் மேலே போனாள். அப்பா துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

"வா பாப்பா. சேதி கெடச்சிதா?" என்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் பேசினது கரீக்ட்டா கீதா? வேலக்காரன் மாதிரிதான கேட்டிருக்கும்? சங்கத்து ஆளு மாதிரி எதுனா வாய்ல வந்துடப் போவுதுன்னு எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சு."

"நைனா..." என்றாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

திங்கட்கிழமை சண்முகவேல் அவளுக்கு இடம் காட்டும்போது, "உங்க வீட்டு ஆள் நல்ல மரியாதை தெரிஞ்சவர்" என்றார்.

"அவர் எங்கப்பா சார்" என்றாள் செங்கொடி. "எங்க வீடும் தண்டையார்பேட்டைதான். அடையார் இல்ல."

போகச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நான் நம்பரைக் கேட்டது வேற ஒண்ணும் இல்லம்மா. தொடர்பு கிடைக்கணுமேன்னுதான்." பிறகு, "காலைல ஒன்பதரைக்கு வந்துடணும். தூரம்னு சாக்கு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அவள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சின்னப்பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சொல்லிட்டியா? யார கேட்டு சொன்ன? அவன் இன்னிக்கே வூட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தா? நான் ஒருத்தன் வாயத் தொறந்து அவன சாரு, சாருன்னு சொன்னேனே, அது எதுக்கு? சும்மாவா?"

"மனசு கேக்கல நைனா."

"அன்னிக்கு கேட்டுச்சே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. சட்டென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். செங்கொடி சுவரோரமாக உட்கார்ந்தாள். அவரை வேலைக்காரன் என்று சொன்னதற்காக அவர் அவளைக் குத்திக்காட்டியது அந்த ஒரு தடவைதான்.