பெரட்டுக்களத்துக்கு ஒரு லொறி

டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சாலை மண்சரிவில் பாதி போனபோது, எந்த லொறி எங்கே போகவேண்டும் என்று நிவாரணத்துக்கு வந்த ஆமியில் மனிதர்கள் முடிவெடுக்கவில்லை. ஏதோ ஏஐ ஏஜண்டாம். அரிசி கொண்டுவந்த சிப்பாய் ஒரு நம்பரைக் கொடுத்து, "மெசேஜ் போடுங்க, அதுவே லொறி அனுப்பும்" என்றான், சிங்களவாடைத் தமிழில். தோட்டத்து மருத்துவிச்சியம்மா முகம் சுளித்தார். "ஏஜண்டா? அடப்பாவி, நம்மள வீட்டுவேலைக்குச் சவுதிக்கு அனுப்பிறப் போறான்!"

மறுநாளே என் தங்கச்சிக்கு வலி கண்டது. முதல் பிரசவத்திலேயே ரத்தம் போய்ப் பிழைத்தவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தங்கமாட்டாள் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார்.

நான் தோட்டத்துக் கிளாக்கர். இங்கிலீஷ் வேறு தெரியும், அதுதான் வினை. மெசேஜ் போட்டதும், எங்கே ஏறுவீர்கள் என்று ஏஜண்டு கேட்டது. லொறி நிற்கக்கூடிய ஒரே இடம் பெரட்டுக்களம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் திடல். பெரட்டு என்பது வெள்ளைக்காரனின் 'பரேட்'தானே என்று, பெரிய மேதாவி மாதிரி, 'பரேட் கிரவுண்ட்' என்று இங்கிலீஷில் அடித்தேன்.

"லொறி வந்துவிட்டது" என்று பதில் வந்தது. தங்கச்சி, மருத்துவிச்சி, நான் என்று மூன்று பேரும் மழையில் நின்றோம். லொறியைக் காணோம். பட்டாளத்துக்குப் பரேட் கிரவுண்ட் என்றால் ஒன்றுதான். லொறி தன் முகாமின் அணிவகுப்புத் திடலிலேயே போய் நின்றிருக்கிறது. அடுத்த செய்தி: "பயணி வரவில்லை. பயணம் முடிந்தது."

"ஏண்ணே, படிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று தங்கச்சி என் கையைக் கடித்தாள்.

அரிசி வாங்கியபோது குறித்துவைத்த நம்பரில் அந்தச் சிப்பாயைப் போனில் பிடித்து, தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். இனி நாளைக்குத்தான் லொறி என்று ஏஜண்டு சொல்வதாகச் சொன்னான். பிறகு, "இருங்க, நான் வாறேன்" என்றான். யாரையும் கேட்காமல் லொறியை எடுத்துக்கொண்டு வந்தான்.

பாதி வழியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, பிள்ளை பிறந்துவிட்டது. தங்கச்சிக்கு ரத்தமும் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் வந்து சொல்லும்வரை சிப்பாயும் நகரவில்லை.

அப்போதுதான் அவன் போன் சிணுங்கியது. லொறியின் பின்பக்கக் கமரா ஆட்களை எண்ணியிருக்கிறது. "ஏறியவர் மூவர். இறங்கியவர் நால்வர். தவறைத் திருத்தவும்."

என்ன போடட்டும் என்று என்னைப் பார்த்தான்.

"தவறு இல்லைன்னு போடுங்க தம்பி" என்றேன். அழுகை வந்துவிட்டது.