பெட்டிப் பூட்டை ஆற்றில் எறிந்தவர்

படகு கரையைத் தொடுமுன்பே எழுந்து நிற்காவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலை வெடித்துவிடும். அக்கரையில் அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கிறதோ, இறங்கும் பக்கமாகவே முண்டியடிப்பார்கள். அவர்களை உட்காரச் சொல்லிக் கத்திக் கத்தியே கயிற்றுக்காரருக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டுவதுதான் அவர் வேலை. கத்துவது சம்பளத்தில் சேராது.

அவர் கத்துவதற்குக் காரணம் இருந்தது. பழைய படகு கரைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கவிழ்ந்தது. ஏற்றக்கூடாத அளவுக்கு ஏற்றி, மேல்தட்டிலும் ஆட்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். துறை தெரிந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் பாய, படகு சாய்ந்தது, நிமிரவேயில்லை. லைஃப் ஜாக்கெட்டுகள் பெட்டிக்குள் படு பத்திரமாக இருந்தன. பெட்டிக்குப் பூட்டு, சாவி கரையில் முதலாளியின் மேசைக்குள். வெறுங்கையால் அந்தப் பூட்டை அடித்து அடித்துக் கயிற்றுக்காரரின் விரல்கள் உடைந்ததுதான் மிச்சம். அன்று ஆற்றோடு போனவர்களில் ஒருத்தி அவருடைய கொழுந்தியாள். அவர் மனைவி பிழைத்தாள். தங்கையின் கையை எந்த இடத்தில் விட்டோம் என்று நினைத்து நினைத்தே உருகிப்போனாள். அதன்பின் படகில் கால் வைக்கவில்லை.

புதுப் படகு வந்தது, புது முதலாளியும் வந்தார். ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள், அழுக்காகிறது என்று அவரும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். கயிற்றுக்காரர் சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைத்து ஆற்றில் எறிந்தார்.

"நாளையிலேர்ந்து வராதய்யா" என்றார் முதலாளி.

வீட்டில் மனைவியிடம் மென்று விழுங்கிச் சொன்னார். "வேலை போயிடுச்சு. வேற பூட்டு வாங்கிட்டாங்க, காலையில மாட்டிடுவாங்க."

அவள் அடுப்பை அணைத்தாள். "காலையில நானும் வரேன்."

"எங்க?"

"போட்லதான். நீங்க கத்தி ஒருத்தரும் கேக்கல. நான் பேசிப் பாக்குறேன்."

மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். அவள் கத்தவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய், தங்கை எங்கே நின்றாள், பெட்டி எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று மட்டும் சொன்னாள். படகு அக்கரையில் நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகக் குதிக்கும் பாங்க் குமாஸ்தாகூட பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

முதலாளி பதறி ஓடி வந்தார். "இறங்குங்கம்மா, அடுத்த ட்ரிப்புக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

"பெட்டியைத் திறந்து போடுங்க. இவரை வேலைக்குக் கூப்பிடுங்க. இறங்குறோம்."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே பூட்டைக் கழற்றினார். "கயித்தைப் பிடிய்யா" என்றார்.

எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இதே ஆற்றில் திரும்பிப் போக வேண்டுமே.

"என் பக்கத்துல உக்காருங்க" என்றாள்.

"எப்படிம்மா உக்கார்றது? இப்பதானே வேலை வாங்கிக் குடுத்த?"

பெட்டியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து வந்தார். துறையே வேடிக்கை பார்க்க, அவளுக்கு மாட்டிவிட்டு, வளைந்துபோன விரல்களால் வாரை இழுத்துக் கட்டினார்.

"போதும், மூச்சு முட்டுது."

அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.