திங்கள்சந்தை வழியாகப் புதுக்கடைக்கு ஒரு கிடார்ப் பெட்டி

1954, ஆவணி மாதம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். புதுக்கடைக்கு ஏறக்குறைய இருபது மைல், டிக்கெட் பத்தணா. அங்கே ஒரு கல்யாண வீட்டில் நான் பாட வேண்டும். மடியில் கிடார்ப் பெட்டி, வழியெல்லாம் பயம்.

அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களை மேற்கே போலீஸ் சுட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஊர்வலத்தில் பாடிய பாட்டைக் கட்டியவன் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டியவன் சாட்சாத் நான்தான்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்தேன். பிறகு நாடகக் கம்பெனி. அது படுத்ததும் கொழும்பில் ஒரு ஓட்டல். கிடார் அங்கே வாங்கியதுதான். திரும்பி வந்து திங்கள்சந்தையில் தைலம் விற்பவருக்காகக் கூட்டம் சேர்த்துப் பாடினேன். வயிறு சொன்ன இடத்தில் எல்லாம் பாடியவன். ஆனால் மெட்டு மட்டும் அடிக்கடி மாறாது. புது மெட்டைக் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுக்க நாலு நாள் ஆகும். தெரிந்த மெட்டென்றால் இரண்டாவது வரியிலேயே ஊரே கூடப் பாடும். அதனால் கோயில் கீர்த்தனைக்குப் போட்ட மெட்டையே நாடகத்துக்கும், தைலத்துக்கும், கடைசியில் ஊர்வலத்துக்கும் போட்டுவிட்டேன்.

திங்கள்சந்தையில் கருப்பட்டி நிறைந்த பனையோலைக் கடவத்தோடு ஒரு அம்மாள் ஏறி என் எதிரில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கமாக இந்த வழியில் கண்டக்டரின் குரல்கூடக் கேட்காத அளவுக்குப் பேச்சு இருக்கும்.

கருங்கலுக்கு ஒரு மைல் முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் ஏறினார்கள். ஏட்டு நேராக என்னிடம் வந்தார்.

“எந்தாணு பெட்டியில்? நோட்டீஸா?” பெட்டியில் என்ன என்று மலையாளத்தில் அதட்டினார்.

“கிடாருங்க. கல்யாணத்துக்குப் பாடப் போறேன்.”

“எங்கில் பாடு. கேக்கட்டே.”

பெட்டியைத் திறந்து கிடாரை எடுத்தேன். சாமி பாட்டு பாடினால் தப்பு வராது என்று நினைத்து, “கைபிடித்து நடத்துமையா, காரிருளில் நான் பயந்தேன்” என்று ஆரம்பித்தேன். ஒரு வரி முடிந்த பிறகுதான் உறைத்தது, பாவி, அதே மெட்டு! நிறுத்தினால் சந்தேகம் வரும். நிறுத்தாவிட்டால் மாட்டுவேன். பஸ்ஸில் இரண்டு மூன்று பேருடைய உதடுகள் அசைவதைப் பார்த்தேன். அவர்கள் முணுமுணுத்தது கீர்த்தனையின் வார்த்தைகள் அல்ல, ஊர்வலப் பாட்டின் வார்த்தைகள்.

எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று ஏட்டு தலையைச் சாய்த்தார். “ஈ மெட்டு ஞான் எவிடயோ கேட்டிட்டுண்டல்லோ!”

அந்த நேரத்தில் எதிரில் இருந்த அம்மாள் தொண்டையைத் திறந்து, “முழங்காலும் வலிக்குதையா, மூணு சொட்டு தேச்சுக்கோங்க!” என்று கையைத் தட்டிப் பாடினாள். “சந்தையில தைலம் விக்கப் பாடுத ஆளுல்லா இது! நான் ரெண்டு குப்பி வாங்கியும் முட்டுவலி கொறஞ்ச பாடில்ல!”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஏட்டும் சிரித்துவிட்டார். “தைலக்காரனாணோ! போ, போ,” என்று இறங்கிப் போனார்.

கருங்கல் தாண்டியதும், “பெரிய உபகாரம் அக்கா,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“எனக்கு மவன் அந்தப் பாட்டப் பாடிட்டுத்தான் போனான், மக்கா. ஊர்வலத்துக்கு. இன்னும் வரல்ல. ஸ்டேசன்ல கேட்டா இல்லங்கான். ஆசுபத்திரியிலயும் இல்ல. பாட்டு கட்டினவனக் கண்டா கேக்கணும்னு இருந்தேன். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு உண்டு. நீ எங்கயாம் கண்டியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். புதுக்கடையில் கடவத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் சந்தைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மாலை அதே வழியில் திரும்பினேன். சோதனை எதுவும் இல்லை. யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. பிடிபடுவேன் என்ற பயம் விட்டுப்போயிருந்தது. வேறொரு பயம் வந்திருந்தது. நாகர்கோவில் வரும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் நின்ற ஒவ்வொரு பையனுடைய இடது புருவத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.