தோக்கத் தெரிஞ்ச சூசையம்மா

கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல அன்னிக்கு மழை விட்டபாடில்ல. மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாது. காலையில பேரு குடுக்க பெரட்டுக்கு வந்த பொம்பளைங்க பால் ஸ்டோர் தாவாரத்துல குந்தி இருந்தாங்க. நடுவுல சூசையம்மா, மடியில பழைய சீட்டுக்கட்டு.

சின்ன வயசுலயே கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவ அவ. அந்த வீட்டுப் பிள்ளைங்க வளந்து வெளிநாடு போனப்ப, குப்பைக்குப் போக இருந்த இந்தச் சீட்டுக்கட்ட எடுத்துக்கிட்டு வந்தா. சாயம் போன சீட்டு பூரா மாவீரனுங்கதான். முதுகுல போர்வையக் கட்டிக்கிட்டு பறக்கிறவன், ஒத்தக் கையில ரயில தூக்கிறவன், கால்சட்டைக்கு மேல ஜட்டி போட்டவன்.

வெளையாட்டு லேசு. ஒவ்வொரு வீரனுக்கும் ரெண்டு சீட்டு. பச்ச மூஞ்சி வில்லனுக்கு மட்டும் ஒண்ணு. மொத்தத்தையும் பங்கு போட்டுக் குடுக்கணும். கையில ஜோடி இருந்தா கீழ போட்டுறணும். பொறகு முறை வச்சு, பக்கத்துல இருக்கவ கையில இருந்து படத்தப் பாக்காம ஒண்ண உருவணும். ஜோடி சேந்தா போடு, சேராட்டி வச்சுக்க. கை காலியானவ தப்பிச்சா. கடைசியில பச்ச மூஞ்சி யாரு கையில நிக்கிதோ, அவ தோத்தா.

எப்பவும் தோக்கிறது சூசையம்மாதான். அவ ராசி அப்பிடின்னு சிரிப்பாளுங்க. ராசியாவது மண்ணாவது. கொழும்பு வீட்டுல சின்னப்பிள்ள தோத்தா அழும், அழுதா வீட்டுக்கார நோனா இவளத்தான் ஏசும். அதனால தோக்கிறதுக்கே பழகுனா. பச்ச மூஞ்சிய வச்சிருக்கவ கண்ணு அந்தச் சீட்டையே பாக்கும். அதக் கவனிச்சு அதையே உருவிருவா. தோட்டத்துக்குத் திரும்பி இருவது வருசமாச்சு, பழக்கம் போகல. பெரிய வீட்டுல படிச்ச பாடம் லேசுல மறக்காது.

அன்னிக்குப் பேச்சு வேற. கீழ் லயத்து வீடுகளுக்குப் பின்னால மண்ணு பொளந்து நின்னுச்சு. அரநாயக்கையில மல எறங்குனத யாரு மறந்தா? தோட்டத்துத் தொரக்கிட்டப் போயி, கீழ் லயத்துச் சனங்கள ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லணும். யூனியன் தலைவரு டவுன்ல மீட்டிங்ல இருந்தாரு. தேவப்படுற நேரத்துல தலைவருங்க டவுன்லதான் இருப்பாங்க. போன தடவ தனியாப் போயிப் பேசுனவளுக்குப் பால் வராத கெழட்டு மரத்தப் பிரிச்சுக் குடுத்து, அரைப் பேரு போட்டாங்க. பாதிச் சம்பளம். அதனால ஒருத்திக்கும் வாய் தொறக்கல.

கீழ் லயத்துக் கடைசி வீட்டுக்காரி புஷ்பம்தான் வழி சொன்னா.

"தோக்கிறவ போகட்டும். என்னா சூச, சரிதானே?"

மத்தவளுங்க சிரிப்ப அடக்கிக்கிட்டுத் தலையாட்டுனாளுங்க. யாரு போகப்போறான்னு சீட்டு பிரிக்கிறதுக்கு முன்னமே எல்லாருக்கும் தெரியும். சூசையம்மாவுக்கும் தெரிஞ்சிச்சு. சீட்டப் பிரிச்சா.

மொதல்ல விஜயகலா தப்பிச்சா. ஒவ்வொருத்தியா கழண்டு, கடைசியில ரெண்டு பேரு. சூசையம்மா கையில ரயில் தூக்கிறவன் ஒண்ணு. புஷ்பம் கையில ரெண்டு. உருவ வேண்டியது சூசையம்மா. புஷ்பத்தோட கண்ணு இடது பக்கச் சீட்ட விட்டு அசையல. சூசையம்மா வெரலு பழக்கத்துக்கு அங்கதான் போச்சு. பாதியில நின்னுச்சு. பொறகு வலது பக்கத்த உருவி, ஜோடியக் கீழ போட்டா.

ஒருத்தியும் சிரிக்கல.

"ஏமாத்திட்டியேடி," ன்னா புஷ்பம்.

"இத்தன வருசமாத்தான் அக்கா ஏமாத்துனேன். இன்னிக்குத்தான் ஒழுங்கா வெளையாடுனேன்."

புஷ்பம் மெதுவா எந்திரிச்சு, சாக்கத் தலையில போட்டுக்கிட்டு மழையில எறங்குனா. லயத்துலயே பெரிய வாய்க்காரி, இப்ப நாலு அடிக்கு ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அதப் பாத்துக்கிட்டு குந்தியிருக்க சூசையம்மாவால முடியல. எறங்கிப் போயி அவகூட நடந்தா.

"நீதான் ஜெயிச்சிட்டியே, உனக்கென்னா?"

"அதான் வாரேன். தோத்துட்டு வந்திருந்தா தலையக் குனிஞ்சிக்கிட்டுல்ல நின்னிருப்பேன்."

பின்னால விஜயகலா எறங்குனா. அவளப் பாத்து மத்தவளுங்களும். ஆபீஸ் வாசல்ல போயி நிக்கிறப்ப ஸ்டோர் தாவாரம் காலி.

பேசுனது புஷ்பம். தொர அவள விட்டுட்டு, பின்னால நிக்கிற கூட்டத்த ஒரு தடவ பாத்தாரு. ஒருத்தின்னா அரைப் பேரு போடலாம். இத்தன பேருக்கும் போட்டா, விடிஞ்சா பால் வெட்ட ஆளு எங்க? பொழுது சாயிறதுக்குள்ள ஸ்கூல் கதவத் தொறந்து விட்டாங்க.