பாடு தவறிய நாளும் மரகதம் நர்சம்மாவும்

மரகதம் நர்சம்மா இறந்துபோன செய்தியைப் பழவேற்காட்டு மீன் ஏலத்தில் நிற்கும்போது கேட்டேன். பொன்னேரி வியாபாரி ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா, "கெளம்பு, போலாம்" என்றார்.

இந்த ஏரிக்கரைக் குப்பங்களில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். சர்க்கரை நோய்க்காரர்களைத்தான் அவர் விடாமல் துரத்துவார். "கெளுத்தி முள்ளு குத்தாத காலு இந்த ஏரில இருக்குதா? உனுக்குப் புண்ணு ஆறாது. ரணஜன்னி, அதான் டெட்டனஸ், வந்தா இன்னா பண்ணுவ?" என்பார்.

நைனாவுக்குச் சர்க்கரை. கெஞ்சிக் கூத்தாடி முதல் தடுப்பூசியைப் போட்டுவிட்டார். காய்ச்சல் வந்தது, கை வீங்கியது. மறுநாள் எங்கள் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்று ஊர் வைத்த முறைதான் பாடு. தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நைனா தவறவிட்டார். நேராகப் பஞ்சாயத்துக்குப் போனார்.

ஊர் நடுவில் நர்சம்மாவை நிற்க வைத்தார்கள். நைனா பக்கத்தில் நானும் வீறாப்பாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ஊருகிட்ட மன்னிப்பு கேளும்மா" என்றார் தலைவர்.

கேட்டார். "காய்ச்சல் வரும்னு சொன்னேன். பாடு என்னிக்குனு கேக்காதது என் தப்புதான்." எல்லோரும் எழும்போது, "இருங்க, இவருக்கு ரெண்டாவது ஊசி பாக்கி. பாடு இல்லாத நாளு எதுனு நீங்களே சொல்லுங்க" என்றார். சிரித்தபடியே நாள் குறித்துக் கொடுத்தோம். அந்த நாளில் வந்து நைனாவுக்கு ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

பின்னொரு நாள் நைனாவின் காலில் கெளுத்தி முள் ஏறியது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜன்னி வரவில்லை. ஊசிக்கு மறுத்த பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் அதே மாதிரி குத்துப்பட்டுப் பிழைக்கவில்லை. நர்சம்மாவிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்ல நைனாவுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. எனக்கும்தான்.

அனுப்பம்பட்டில் இருந்த நர்சம்மா வீட்டுக்கு நானும் நைனாவும் போய்ச் சேர்ந்தோம். எந்த ஊர் என்று அவர் மகள் கேட்டாள். சொன்னேன். அழுகைக்கு நடுவே அவள் முகம் மலர்ந்தது.

"அந்த ஊரா! அங்கதான் எனக்கு ரொம்ப மரியாதைனு அம்மா சொல்லுவாங்க. ஊரே கூடி ஒக்காந்து ஊசிக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்களாமே?"

நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அவளைத் திருத்தவில்லை. எங்கள் தப்பை மறைத்து நர்சம்மா மகளிடம் சொல்லிவைத்த அந்தப் பாதிக் கதைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மன்னிப்பு. மீதிப் பாதியை அவள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.